பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா?

பழைய காரை விற்பவருக்குத் தெரிந்த விஷயங்களில் பெரும்பகுதி அதை வாங்க வருபவருக்குத் தெரிவதில்லை. எந்த வெள்ளத்தில் அந்த வண்டி நின்றது, இன்ஜின் ஆயில் மாற்றுவது எத்தனை முறை தள்ளிப்போடப்பட்டது, முன்பக்கம் எப்போது அடிபட்டு டிங்கரிங் செய்யப்பட்டது என்பதெல்லாம் ஒருவருக்குத் தெரிந்திருக்க, மற்றவருக்குத் தெரியாமலேயே பேரம் முடிந்துவிடுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் இந்த ஏற்றத்தாழ்வை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரையும் கோளாறுள்ள காரையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே தர முன்வருவார்; அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அவர் விற்காமல் ஒதுங்கிக்கொள்வார்; சந்தையில் மிஞ்சுவதில் கோளாறுள்ள வண்டிகளின் பங்கு கூடும்; அதை உணர்ந்து வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார். 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அகெர்லாஃபுக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது இத்தகைய ஆய்வுகளுக்காகத்தான்.

இந்தச் சிக்கலுக்கான தீர்வுகளில் ஒன்றாக அகெர்லாஃப் அதே கட்டுரையில் உத்தரவாதத்தைக் குறிப்பிடுகிறார். காரைப் பற்றி அறிந்தவரே அதன் பழுதுக்கும் பொறுப்பேற்றால், அந்தப் பொறுப்பேற்பே வாங்குபவருக்கு ஒரு தகவலாகிவிடும். மோசமான வண்டி என்று தெரிந்துகொண்டே ஒருவர் ஆறு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தரமாட்டார். ஆனால் இன்று பழைய காருடன் விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரண்டிகளில் (அசல் வாரண்டிக் காலத்துக்குப் பிறகும் பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லும் ஒப்பந்தங்கள்) பெரும்பாலானவற்றில் பொறுப்பேற்பவர் காரை விற்றவர் அல்லர். அந்தக் காரைப் பார்த்தே இராத மூன்றாவது நிறுவனம் ஒன்று. வாங்குபவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுகூட அதற்குத் தெரியாது. ஆகவே அது சராசரிக் காருக்கு உரிய விலையை வைத்து, மோசமான காரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள விலக்கு விதிகளை அடுக்கிக்கொள்கிறது. பெயர் வாரண்டி என்றாலும் தன்மையில் இது காப்பீடுதான். அமெரிக்கச் சட்டமும் இந்த வேறுபாட்டைச் செய்கிறது: காரின் விலைக்குள்ளேயே அடங்கி வருவது வாரண்டி, தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சேவை ஒப்பந்தம்.

எனவே வாரண்டி வாங்கலாமா என்ற கேள்விக்கு முன்பு, விற்பவரிடம் தங்கியிருக்கும் தகவலை எவ்வளவு தூரம் நம் பக்கம் கொண்டுவர முடியும் என்று பார்ப்பதே முறை. பலர் நினைப்பதைவிட அதிகமாகவே கொண்டுவர முடியும்.

முதலில் எந்தக் கார் என்பது. நம்பகத்தன்மை பிராண்டின் பெயரோடு ஒட்டிப் பிறப்பதில்லை. அது இன்ஜினோடும் கியர்பாக்ஸோடும் சேர்ந்து வருகிறது. ஃபோர்டு நிறுவனத்தின் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் 2010களின் முற்பகுதியில் பொருத்தப்பட்ட பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் அமெரிக்காவில் பெரும் வழக்குகளுக்குக் காரணமானது. அதே கார்களின் மேனுவல் கியர் வகைகளில் அந்தத் தொல்லை இல்லை. நிசான் நிறுவனம் தனித்தனி கியர்கள் இல்லாத தன் சிவிடி வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 2009இல் அமெரிக்காவில் வாரண்டிக் காலத்தைத் தானே நீட்டிக்க நேர்ந்தது. ஹூண்டாய், கியா கார்களின் தீட்டா 2 இன்ஜினுக்கும் பின்னாளில் அதுவே நடந்தது. இவற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒரே பெயர்ப்பலகை கொண்ட இரண்டு கார்களில் ஒன்று நம்பத்தக்கதாகவும் மற்றொன்று தலைவலியாகவும் இருக்கலாம். ஆகவே மாடலின் பெயரோடு நிற்காமல், எந்த ஆண்டு, எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்ற அளவுக்கு இறங்கி விசாரிக்க வேண்டும். அடுத்தது, தெரிந்த கோளாறுகளுக்குத் தயாரிப்பாளரே சில சமயம் காசு வாங்காமல் வாரண்டியை நீட்டியிருப்பார். அது அந்தக் காருக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுத்து வேறொன்றை வாங்குவது வீண்செலவு.

அதைப் பார்ப்பதற்கான திறவுகோல் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வாகன அடையாள எண். எண்களோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. இந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் சேவை மையத்தில் விசாரித்தால், செய்யப்படாமல் நிற்கும் ரீகால் பழுதுகள், அதாவது தயாரிப்பாளரே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் கோளாறுகள், தெரியவரும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த கோளாறுள்ள ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்ட பிறகும், அந்த ஏர்பேக் மாற்றப்படாமலேயே கைமாறிய வண்டிகள் இருந்தன. முன்கண்ணாடியின் அடியில் உள்ள எண், கதவுத் தூணில் உள்ள எண், பதிவுச் சான்றிதழில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை யாரும் முழுமையாக நம்பத் தேவையில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திருத்தப்பட்ட கிலோமீட்டருடன் விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. எண் சக்கரங்கள் சுழன்ற பழைய மீட்டரைவிட டிஜிட்டல் மீட்டரை மாற்றுவது கடினம் என்று பலர் நம்புகிறார்கள். உரிய கருவி இருந்தால் அது சில நிமிட வேலைதான். ஆனால் மீட்டரைத் திருத்துபவர் காரின் மற்ற உறுப்புகளைத் திருத்துவதில்லை. பிரேக் பெடலின் ரப்பரில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றனவா, ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நசுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங்கின் மேல்பகுதி பளபளக்கிறதா என்று பார்த்தால் 30,000 கிலோமீட்டருக்கும் 1,30,000 கிலோமீட்டருக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2018ஆம் ஆண்டுக் காரில் 20,000 கிலோமீட்டரே ஓடியிருக்கிறது என்று சொல்லப்படும்போது, நான்கு டயர்களும் 2022ஆம் ஆண்டுடையவையாக இருந்தால் அதற்கு விளக்கம் கேட்பது நியாயமே. கண்ணாடிகளிலும் இதே போன்ற முத்திரை உண்டு. ஐந்து கண்ணாடிகள் ஓராண்டையும் ஒன்று மட்டும் வேறோர் ஆண்டையும் காட்டினால், அந்தப் பக்கத்துக் கதவின் பெயின்ட்டையும் இடைவெளிகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இன்ஜினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும் தருணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறைக்க நினைப்பவர் முதலில் மறைப்பது இதைத்தான். காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பானட்டின் மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வண்டி ஏற்கெனவே ஒருமுறை ஓடவிடப்பட்டிருக்கிறது. வால்வுகளின் தண்டைச் சுற்றியிருக்கும் சீல்கள் தேய்ந்துபோன இன்ஜினில், இரவு முழுவதும் ஆயில் துளித்துளியாகக் கீழே கசிந்து தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து சைலன்சரில் நீலப் புகையாக வெளியேறும். ஒன்றிரண்டு நிமிடங்களில் அந்தப் புகை நின்றுவிடும் என்பதால், சூடான இன்ஜினில் எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் அது தெரியாது. டைமிங் செயின் தளர்ந்த இன்ஜினும் அப்படித்தான். ஆயில் அழுத்தம் ஏறுவதற்கு முன்பான முதல் சில நொடிகளில் மட்டும் கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கிவிடும். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பான வாடையோடு வெள்ளைப் புகை நீடித்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எரிபொருள் எரியும் அறைக்குள் போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட காரை வாரண்டியை நம்பி வாங்கினால் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கோளாறு விளக்கு எரியவில்லை என்பதும் போதுமான சான்று அல்ல. அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி என்ற, கோளாறுகளைக் கண்டறியும் அமைப்பு, பிற நாடுகளின் கார்களிலும் இப்போது பரவலாக இருக்கிறது. கையடக்க ஸ்கேனரால் கோளாறுக் குறியீட்டை அழித்துவிடலாம், விளக்கும் அணைந்துவிடும். ஆனால் அழிக்கும்போது, இன்ஜினின் சுய பரிசோதனைகள் முடிந்தனவா என்ற பதிவும் சேர்ந்தே அழிகிறது; அவை மறுபடி நிறைவடைய வண்டி பல விதமான வேகங்களில் சில நாட்கள் ஓட வேண்டும். குறியீடு எதுவும் இல்லை, ஆனால் பரிசோதனைகளில் பல முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், ஒன்று பேட்டரி அண்மையில் கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது யாரோ நேற்றைக்குத்தான் துடைத்திருக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காரை அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். தயங்கியோ உதறியோ கியர் மாறும் குணம் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகே வெளிப்படுவது உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பனையில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி இன்ஜினே பாழாகிவிடும். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். காரை எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி அரை அடியில் சேற்றுக்கறை தங்கிவிடுவதுண்டு.

இவையெல்லாம் தானே பார்க்கக்கூடியவை. விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும் பார்க்கச் சொல்வது அடுத்த கட்டம். அதற்கு ஆகும் கூலி எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலையில் ஒரு சிறு பகுதியே. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரின் மறுப்பையே சோதனையின் முடிவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இனி வாரண்டிக்கு வருவோம். வாங்குபவர் கட்டும் தொகை முழுவதும் பழுதுகளுக்குப் போவதில்லை. விற்றுக் கொடுத்த டீலருக்கு ஒரு பங்கும், நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கும், நிறுவனத்தின் லாபத்துக்கு ஒரு பங்கும் போனபின் மிஞ்சுவதே பழுதுகளுக்கான நிதி. ஆகவே சராசரி வாடிக்கையாளர் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவார். அப்படி இல்லையென்றால் அந்தத் தொழிலே நடக்காது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு நடத்திய கணக்கெடுப்பு ஒன்றில், இத்தகைய ஒப்பந்தம் வாங்கிய கார் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருமுறைகூட அதைப் பழுதுக்குப் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது. இதை மட்டும் வைத்து வாரண்டி வீண் என்று சொல்வது சரியாகாது. தீ விபத்துக் காப்பீட்டையும் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை, அதற்காக அது வீண் ஆகிவிடாது. வேறுபாடு இழப்பின் அளவில் இருக்கிறது. வீடு எரிந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். கியர்பாக்ஸ் போனால் சேமிப்பில் ஓட்டை விழும், ஆனால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். தாங்கக்கூடிய இழப்புக்குக் காப்பீடு வாங்குபவர், பிறருடைய நிர்வாகச் செலவுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்.

ஒப்பந்தத்தின் விலக்குகள் வேலை செய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று விரிசல் விட்டுக் கூலன்ட் கசிகிறது. ஹோஸ் ரப்பர் பொருள் என்பதால் தேய்மானப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு வாரண்டி இல்லை. வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனதைக் கவனிக்காமல் ஓட்டுநர் மேலும் சில கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறார். சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. ஹெட் கேஸ்கெட் வாரண்டிப் பட்டியலில் இருக்கும் உறுப்புதான். ஆனால் பட்டியலில் இல்லாத உறுப்பு ஒன்றால் விளைந்த சேதம் என்று ஒரு விதியையும், எச்சரிக்கை தெரிந்த பிறகும் தொடர்ந்து ஓட்டியது என்று இன்னொரு விதியையும் காட்டி நிறுவனம் மறுத்துவிட முடியும். காரணத்தை உறுதிசெய்ய இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால், கோரிக்கை ஏற்கப்படும் வரை அந்தப் பிரிக்கும் கூலி உரிமையாளரின் தலையில்தான். முன்னால் சொன்ன வெள்ளைப் புகைக் கார் என்றால் வேலை இன்னும் எளிது: வாங்கும்போதே இருந்த கோளாறு என்று சொல்லிவிட்டால் போதும். முதல் 30 நாட்களுக்குக் கோரிக்கையே எழுப்ப முடியாது என்ற காத்திருப்பு விதி பல ஒப்பந்தங்களில் இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆக, காரைச் சரியாகச் சோதிக்காமல் வாரண்டியை நம்பி வாங்கியவரைத்தான் வாரண்டி பெரும்பாலும் கைவிடுகிறது. சோதித்து நல்ல வண்டி வாங்கியவருக்கோ அதன் தேவை குறைவு.

இது தவிர, குறித்த காலத்தில் ஆயில் மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால் கோரிக்கை செல்லாது என்ற விதியும், ஒரு மணி நேரக் கூலிக்கு உச்ச வரம்பும், மொத்தக் கோரிக்கைகள் காரின் அன்றைய மதிப்பைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் சாதாரணமானவை. வாரண்டிக்கு உட்பட்ட உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் ஒப்பந்தத்தைவிட, அதற்கு உட்படாதவற்றை மட்டும் பட்டியலிட்டு மற்ற அனைத்தையும் ஏற்கும் ஒப்பந்தம் மேலானது. முன்னதில் விடுபட்ட உறுப்பு நம் கணக்கில் சேரும், பின்னதில் அவர்கள் கணக்கில் சேரும்.

வாங்கத் தகுந்த சூழல்களும் உண்டு. காரைத் தயாரித்த நிறுவனமே, அசல் வாரண்டி முடிவதற்கு முன்பு, தன் பெயரில் தரும் நீட்டிப்பு அவற்றில் முதன்மையானது. எந்த உறுப்பு எப்போது போகும் என்பது அதற்குத் தெரியும், பழுது பார்க்கும் இடமும் உதிரிப் பாகமும் அதனுடையவை. காற்று சஸ்பென்ஷன், இரட்டை டர்போ போன்ற சிக்கலான அமைப்புகள் கொண்ட சொகுசுக் கார்களில் ஒரே பழுது காரின் மதிப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடக்கூடும் என்பதால் அங்கும் வாரண்டிக்கு இடமுண்டு. வாரண்டி இல்லாமல் வைத்திருக்க அஞ்ச வேண்டிய காரை எதற்கு வாங்க வேண்டும் என்ற கேள்வியும் அங்கேயே எழுகிறது. கார் ஓடினால்தான் வருமானம், கையிலோ சேமிப்பு இல்லை என்ற நிலையில் இருப்பவர், சராசரியில் நட்டம் என்று தெரிந்தே வாங்குவதிலும் தவறில்லை. மின்சாரக் கார்களில் பெரிய அச்சம் பேட்டரியைப் பற்றியது. அதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் ஏற்கெனவே வாரண்டி தந்திருக்கிறார்கள். அது இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா, மீதம் எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

மற்றவர்கள் வாரண்டிக்குக் கேட்கப்படும் அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். பழுது வந்தால் எந்த உறுப்பு, யார் குற்றம் என்ற விசாரணை இல்லாமல் அதிலிருந்து எடுக்கலாம். வராவிட்டால் அது நம்முடையதாகவே இருக்கும். இதைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிடுபவர்களே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விற்பவரிடம் கேட்டுப் பார்க்கத் தகுந்த இன்னொன்று உண்டு. மூன்றாவது நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரண்டிக்குப் பதிலாக, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் மூன்று மாதங்களுக்கு டீலரே பொறுப்பேற்று, விலையைக் கூட்டாமல், எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அகெர்லாஃப் சொன்ன பொருளில் உத்தரவாதம் என்பது இதுதான். தயங்காமல் சம்மதிப்பவரிடம் காரைப் பற்றிய நல்ல செய்தி இருக்கிறது. உடனே பேச்சை மூன்றாண்டுத் திட்டத்தின் பக்கம் திருப்புபவருக்கு அந்தத் திட்டத்தில் கமிஷன் இருக்கிறது.

எல்லாவற்றையும் எடைபோட்டு வாரண்டி வாங்குவதென்று முடிவு செய்தாலும், அதைக் காரின் கடனோடு சேர்க்க விடக்கூடாது. சேர்த்தால் வாரண்டி முடிந்த பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்க நேரிடலாம். இன்றைக்கே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்ற அவசரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் கார் வாரண்டி பெயரில் கோடிக்கணக்கான தானியங்கித் தொலைபேசி அழைப்புகளை விடுத்த கும்பலுக்கு அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 2023இல் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த அழைப்புகளின் ஒரே ஆயுதம் அவசரம்தான். நிறுவனம் மூடப்பட்டால் கோரிக்கைகளை ஏற்கப் பின்னணியில் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறதா, காரை இடையில் விற்றால் மீதக் காலத்துக்குப் பணம் திரும்புமா, வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தால் செல்லுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒப்பந்தத்தின் முழு வாசகத்தில் இருக்கும். விளம்பரத் துண்டுப் பிரசுரத்தில் இருக்காது. பணம் கட்டிய பிறகுதான் முழு ஒப்பந்தம் வரும் என்று சொன்னால், வாரண்டியை விட்டுவிட்டுக் காரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.